கணினித் திரையும் குடிமக்களும்: ஊடாட்ட வடிவமைப்பு – ஓர் அறிமுகப் பாடம்



சாதிச் சான்றிதழ் வேண்டும், வருமானச் சான்றிதழ் வேண்டும், பட்டா மாறுதல் செய்ய வேண்டும். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் நாம் முதலில் போய் நின்றது தாலுகா அலுவலகத்து மேசைக்கு முன்னால். இன்று முதலில் நிற்பது ஒரு திரைக்கு முன்னால். வீட்டில் கைபேசித் திரை. இல்லையென்றால் இ-சேவை மையத்தில் கணினித் திரை. மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தால், "சார், இந்த இடத்துல என்ன எழுதணும்?" என்று கேட்டுவிடலாம். திரையிடம் அப்படிக் கேட்க முடியாது. நாம் கேட்காமலேயே அது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்படி திரையை அமைப்பது ஒரு தனிப் படிப்பு. அதற்குப் பெயர் ஊடாட்ட வடிவமைப்பு.

இந்தப் படிப்பு எப்படி வளர்ந்தது, அதன் அடிப்படை விதிகள் என்ன, விண்ணப்பம் போடும் நமக்கு அதனால் என்ன பயன் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். படிக்கக் கணினி அறிவு எதுவும் தேவையில்லை. ஒருமுறையாவது ஆன்லைனில் விண்ணப்பித்து, "போச்சா, போகலையா?" என்று குழம்பி நின்ற அனுபவம் இருந்தால் போதும்.

1. கிரிவலப் பாதை சொல்லும் பாடம்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிய கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் அதில் நடக்கிறார்கள். முதல்முறை வருபவர் இருக்கிறார், தமிழ் தெரியாதவர் இருக்கிறார், எழுதப் படிக்கத் தெரியாதவரும் இருக்கிறார். ஆனாலும் யாரும் கையில் வரைபடம் வைத்துக்கொண்டு தடுமாறுவதில்லை. காரணத்தை யோசித்துப் பாருங்கள்.

முதலாவது, விதி ஒன்றே ஒன்றுதான். மலை எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டாவது, வழியில் எண்திசை லிங்கங்கள் வரிசையாக வருகின்றன: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். குபேர லிங்கம் வந்துவிட்டது என்றால் இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று கால் வலியோடு நடப்பவருக்கும் தெரியும். மூன்றாவது, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறோம்; எங்கே முடியும் என்ற சந்தேகமே இல்லை.

கார்த்திகை தீபத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் சுடர் தெரிகிறது. கோயிலுக்குள் இருப்பவரும், ஊருக்கு வெளியே வயலில் நிற்பவரும் அதைப் பார்த்தவுடன் ‘தீபம் ஏற்றியாச்சு’ என்று தெரிந்துகொள்கிறார்கள். ஒரே அடையாளம், எல்லோருக்கும் ஒரே பொருள்.

இதையே கணினிக்குப் பொருத்துங்கள். மனிதர் ஒன்றைச் செய்கிறார். எதிரே உள்ள பொருள் ஒரு பதில் தருகிறது. அந்தப் பதிலைப் பார்த்து மனிதர் அடுத்ததைச் செய்கிறார். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் ஊடாட்டம். அமெரிக்க உளவியல் அறிஞர் டொனால்ட் நார்மன் 1980-களில் இதை இரண்டு பள்ளங்களாக விளக்கினார். ‘நான் நினைப்பதை இதில் எப்படிச் செய்வது?’ என்பது முதல் பள்ளம். ‘நான் செய்ததால் என்ன நடந்தது?’ என்பது இரண்டாவது பள்ளம். நல்ல வடிவமைப்பு இந்த இரண்டு பள்ளத்துக்கும் பாலம் போடும். மோசமான வடிவமைப்பு மனிதரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, "உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியல" என்று அவர் மேலேயே பழி போடும்.

2. மனிதர் இயந்திரத்தைக் கற்ற காலமும், இயந்திரம் மனிதரைக் கற்ற காலமும்

1950-களிலும் 60-களிலும் கணினியோடு பேச வேண்டுமென்றால் அட்டையில் துளை போட வேண்டும். ஓர் அட்டையில் 80 பத்திகள். அட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு விடைக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு துளை தப்பாக இருந்தால் எல்லாம் முதலிலிருந்து. அன்று கணினி நேரத்தின் விலை மிக அதிகம். எனவே மனிதரின் நேரம் மலிவாகக் கருதப்பட்டது.

1963-ல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு போட்டால் அங்கேயே அந்தக் கோடு தெரிந்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் ஒன்றரை மணி நேரம் ஒரு செயல்விளக்கம் தந்தார். சுட்டி, திரையில் எழுத்தைத் திருத்துவது, தொலைவில் இருப்பவரோடு ஒரே ஆவணத்தில் வேலை செய்வது என்று இன்று நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் பலவற்றை அன்றே மேடையில் காட்டினார். அவருடைய முதல் சுட்டி மரப்பெட்டியால் ஆனது. அதைச் செய்து தந்தவர் அவரது சக பொறியாளர் பில் இங்கிலிஷ்.

1973-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ‘ஆல்டோ’ கணினி வந்தது. 1981-ல் வந்த ‘ஸ்டார்’ கணினியில் கோப்பு, உறை, அலுவலக மேசை எல்லாம் திரையில் படங்களாக இருந்தன. 1984-ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் அந்த முறையை வீடுகளுக்குக் கொண்டுபோனது. அதே 1980-களின் நடுவில் பில் மாக்ரிட்ஜ், பில் வெர்ப்ளாங் என்ற இரு வடிவமைப்பாளர்கள் இந்தத் துறைக்கு ‘ஊடாட்ட வடிவமைப்பு’ என்று பெயர் வைத்தார்கள். மாக்ரிட்ஜ் ஆரம்பகால மடிக்கணினி ஒன்றின் உடலை வடிவமைத்தவர். அதைத் தானே பயன்படுத்தியபோது, தன் கவனமெல்லாம் பெட்டியை விட்டுத் திரைக்குள் போய்விடுவதைக் கண்டார். பெட்டியை மட்டும் அழகாகச் செய்தால் போதாது என்று அவருக்குப் புரிந்தது. 2007-ல் வந்த ஐபோனுக்குப் பிறகு சுட்டியும் போய், விரலே கருவியாகிவிட்டது.

இந்த வரலாற்றின் சாரம் இதுதான். முதலில் மனிதர் இயந்திரத்தின் பழக்கத்தைக் கற்றார். பிறகு இயந்திரம் மனிதரின் பழக்கத்தைக் கற்கத் தொடங்கியது.

3. தமிழுக்கு வந்தபோது

இதே போராட்டம் தமிழிலும் நடந்தது. தமிழில் 247 எழுத்து. தட்டச்சுப் பொறியில் அத்தனைக்கும் விசை வைக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வாழ்ந்த ஆர். முத்தையா, எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்துத் தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையை அமைத்தார். அதில் ‘கொ’ அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தாளில் இடமிருந்து வலமாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. ணை, லை, னா, றா போன்ற எழுத்துகளின் தனி வடிவங்கள் நீங்கிப் பொது வடிவம் வந்ததால் அச்சுக்கும் தட்டச்சுக்கும் வேலை குறைந்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து அரசு ‘தமிழ் 99’ விசைப்பலகையைத் தரப்படுத்தியது. இதில் உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கு விசை போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘தங்கம்’ என்று அடிக்கும்போது ங-வுக்குப் பின் க வந்தால் அங்கும் புள்ளி தானாக வரும். ஏனென்றால் தமிழில் ங, க இரண்டும் அப்படித்தான் சேர்ந்து வரும். கவனியுங்கள்: தட்டச்சு முறை தாளின் வரிசையைப் பின்பற்றியது, தமிழ் 99 நாம் பள்ளியில் படித்த ‘மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய்’ என்ற கணக்கைப் பின்பற்றியது. மனதில் ஏற்கெனவே இருக்கும் கணக்கோடு கருவி ஒத்துப்போனால், கற்பது எளிது. வடிவமைப்பாளர்கள் இதை ‘மன மாதிரி’ என்பார்கள்.

விசைப்பலகை தரப்பட்டாலும், ஒரு கணினியில் அடித்தது இன்னொன்றில் கட்டம் கட்டமாகத் தெரியும் தொல்லை நீடித்தது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு என்பதே காரணம். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் தமிழ் அனைத்து எழுத்துக் குறியீட்டையும் தரமாக ஏற்றது. இன்று உங்கள் சான்றிதழ் எந்தக் கைபேசியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கு இப்படிப்பட்ட பொதுத் தரங்களே காரணம்.

4. ஐந்து விதிகள், நம்ம ஊர் உதாரணங்களோடு

யாக்கோப் நீல்சன் என்ற டென்மார்க் அறிஞர் 1990-களில் நல்ல திரைக்குரிய பத்து விதிகளைத் தொகுத்தார். உலகம் முழுக்க இன்றும் அவை பாடமாக இருக்கின்றன. அவற்றோடு மற்ற அறிஞர்கள் சொன்னதையும் சேர்த்து, குடிமக்கள் சேவைக்கு மிகத் தேவையான ஐந்தை இங்கே பார்ப்போம்.

அ) என்ன நடக்கிறது என்று சொல்.

வாக்குப்பதிவு இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக வந்த இயந்திரம் அது. பொத்தானை அழுத்தினால் சின்னத்துக்கு அருகில் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ‘பீப்’ சத்தம் கேட்கும். இப்போது கூடுதலாக 7 விநாடி ஒரு சீட்டும் கண்ணாடி வழியே தெரிகிறது. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் ‘ஓட்டு விழுந்துடுச்சு’ என்று புரியும்.

இப்போது கட்டணம் செலுத்தும் திரைக்கு வாருங்கள். பணம் செலுத்து என்ற பொத்தானை அழுத்துகிறோம். வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. மறுபடி அழுத்துவதா, காத்திருப்பதா? பதில் பத்தில் ஒரு விநாடிக்குள் வந்தால் உடனே நடந்ததாக மனிதருக்குத் தோன்றும். ஒரு விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து விநாடி தாண்டினால் கவனம் சிதறிவிடும். இவை நீல்சன் எடுத்துச் சொன்ன அளவுகள். தாமதம் தவிர்க்க முடியாதது என்றால், ‘வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம், மீண்டும் அழுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி இருந்தாலே இரண்டு முறை பணம் போவது குறையும்.

ஆ) மக்களின் உலகத்தோடு ஒத்துப் போ.

பல படிவங்களில் ‘முதல் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான் உண்டு. அந்த இன்ஷியலை எந்தக் கட்டத்தில் போடுவது? ஒருவர் ஒன்றில் போடுவார், அதே ஆள் அடுத்த ஆவணத்தில் இன்னொன்றில் போடுவார். தந்தை பெயர் சந்திரன் என்றால் தமிழில் ‘ச.’ என்று ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஓர் ஆவணத்தில் ‘சி’, இன்னொன்றில் ‘எஸ்’. தண்டபாணி என்ற பெயர் ‘டி’யில் தொடங்கும் எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். மனிதர் ஒருவரே, கணினிக்கு மூன்று பேர்.

ஊர்ப் பெயருக்கும் இதே பாடு. திருவண்ணாமலையை ஆங்கிலத்தில் ‘ஹெச்’ போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். 2020 ஜூனில் அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களில் மறுபரிசீலனைக்காகத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் அடக்குவது அவ்வளவு சிக்கலான வேலை.

இது வெறும் எழுத்துப் பிழை விவகாரமா? கலந்தாய்வு நேரத்தில் ஒரு மாணவிக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அதைக் கொண்டுதான் கல்விக் கட்டணச் சலுகை. மதிப்பெண் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆதாரில் வேறொன்று என்பதற்காக விண்ணப்பம் திரும்பினால், அவள் குடும்பம் இழப்பது பணமும் நாளும். அதனால்தான் நல்ல அமைப்பு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு நிராகரிக்காமல், ‘இந்த இரண்டு பெயரும் ஒருவருடையதா?’ என்று கேட்டு, அலுவலர் பார்வைக்கு அனுப்பும்.

இ) தவறு நடக்கும் முன்பே தடு, நடந்தால் தெளிவாகச் சொல்.

"தவறான உள்ளீடு" என்று மட்டும் சிவப்பில் காட்டினால் யாருக்கு என்ன புரியும்? ‘கோப்பு மிகப் பெரியது. புகைப்படத்தை இன்னும் சிறிய அளவில் ஏற்றுங்கள்’ என்றால் புரியும். எது தவறு, எங்கே தவறு, எப்படிச் சரிசெய்வது என்ற மூன்றும் பிழைச் செய்தியில் இருக்க வேண்டும். ஒரு தவறுக்காக நிரப்பிய எல்லாவற்றையும் அழித்துவிடக் கூடாது.

ஈ) நினைவில் வைக்கச் சொல்லாதே, கண்ணெதிரே காட்டு.

எந்தெந்த ஆவணம் தேவை என்பதை ஐந்தாவது பக்கத்தில் சொன்னால், மக்கள் வீட்டுக்கும் மையத்துக்கும் அலைய வேண்டியதுதான். முதல் பக்கத்திலேயே பட்டியல் இருக்க வேண்டும். ‘படி 3, மொத்தம் 6’ என்று மேலே தெரிந்தால், அது கிரிவலப் பாதையின் லிங்கங்கள் செய்யும் வேலையைச் செய்யும்.

உ) எல்லா உடலுக்கும் எல்லாக் கைக்கும் பொருந்து.

1954-ல் பால் ஃபிட்ஸ் என்பவர் ஒரு கணக்கைக் கண்டார். இலக்கு சிறியதாகவும் தொலைவாகவும் இருந்தால் அதைத் தொட அதிக நேரம் ஆகும். களைக்கொத்து பிடித்துக் காய்த்துப்போன விரல், சின்னக் கைபேசியில் சின்னப் பொத்தானைத் தேடும்போது இந்தக் கணக்கு கண்ணெதிரே நடக்கிறது. பொத்தான் பெரிதாக இருக்கட்டும். ‘சமர்ப்பி’க்குப் பக்கத்திலேயே ‘அழி’ வேண்டாம். பார்வையற்றவர் திரைவாசிப்பான் மென்பொருளால் கேட்டுப் பயன்படுத்த முடிய வேண்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைச் சலுகையாகப் பார்க்கவில்லை, உரிமையாக வைத்திருக்கிறது.

5. இடையில் இருப்பவரும் பயனாளியே

மேலை நாட்டுப் புத்தகங்கள், ஒரு திரைக்கு முன் ஒரு மனிதர் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நம்ம ஊரில் அப்படி இல்லை. அம்மாவுக்காக மகள் அழுத்துகிறாள். விவசாயிக்காக மையப் பணியாளர் அழுத்துகிறார். பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் ஆய்வு செய்த நித்யா சாம்பசிவன் குழுவினர், 2010-ல் இதை ‘இடையாள் வழிப் பயன்பாடு’ என்று விளக்கினார்கள். ஆகவே திரை இரண்டு பேருக்கும் பேச வேண்டும். பணியாளருக்கு வேகம் வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தன் பெயரில் என்ன எழுதப்படுகிறது என்று தெரிய வேண்டும்.

காகிதத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்நாட்டின் சுய உதவிக் குழுக்களோடு வேலை செய்த தபன் பரிக், குழுக்களுக்குப் பழகிய காகிதப் படிவத்தை அப்படியே வைத்து, கைபேசி கேமராவால் படிவத்தின் குறியீட்டைப் படிக்கச் செய்தார். கைபேசி குரலில் கேட்கும். எண்ணை மட்டும் அழுத்தினால் போதும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகும் வழி அது.

திரை மட்டும் நன்றாக இருந்தால் போதுமா என்றால், போதாது. 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் பகுதிக் கிராமங்களில் ‘சாரி’ என்ற திட்டத்தில் இணைய மையங்கள் வந்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கம்பியில்லா இணைப்பு, சான்றிதழ் விண்ணப்ப வசதி எல்லாம் இருந்தன. தொடக்கத்தில் மக்கள் பயன்படுத்தினார்கள். அலுவலகப் பக்கத்தில் ஆர்வமாகப் பார்த்தவர்கள் மாறியதும் அரசுச் சேவைகள் தேய்ந்துபோயின என்று ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் 2006-ல் எழுதிய ஆய்வு காட்டியது. திரைக்குப் பின்னால் கோப்பு நகர்ந்தால்தான், முன்னால் அழுத்திய பொத்தானுக்குப் பொருள் உண்டு.

6. உங்களுக்கான நடைமுறைக் குறிப்புகள்

விண்ணப்பிப்பவர்களுக்கு:

• சமர்ப்பிக்கும் முன் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பெயர், இன்ஷியல், பிறந்த தேதி, ஊர் நான்கையும் நீங்களே ஒருமுறை பாருங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால், "கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை.
• எல்லா ஆவணத்திலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்று, தேவை வருவதற்கு முன்பே சரிபார்த்து வையுங்கள். கலந்தாய்வு வாரத்தில் திருத்தம் தேடுவது கஷ்டம்.
• விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். வேலை நடந்ததற்கு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.
• ஓ.டி.பி. எண்ணைச் சொல்லும் முன் அது எதற்காக வந்தது என்று எஸ்.எம்.எஸ்.-ஐப் படியுங்கள். தொலைபேசியில் கேட்பவருக்குச் சொல்லவே கூடாது.

மையப் பணியாளர்களுக்கு:

• எந்த இடத்தில் மக்கள் அடிக்கடி திகைக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே இடத்தில் பத்து பேர் தவறினால், தவறு அந்தப் பத்து பேரிடம் இல்லை, திரையில் இருக்கிறது. உங்கள் நோட்டுதான் அதைத் திருத்துவதற்கான ஆதாரம்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு:

• படிவத்தை வெளியிடும் முன் ஐந்து பேரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, உதவி செய்யாமல் பாருங்கள். அதில் ஒருவராவது கண்ணாடி மறந்துவிட்டு வந்த முதியவராக இருக்கட்டும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளை (குக்கர், மின்விசிறி ரெகுலேட்டர், கைபேசி) எடுத்துக்கொள்ளுங்கள். ‘என்ன செய்ய வேண்டும்?’, ‘என்ன நடந்தது?’ என்ற இரண்டு கேள்விக்கும் அது எப்படிப் பதில் சொல்கிறது என்று எழுதுங்கள்.

2. கடைசியாக நீங்கள் பார்த்த ஒரு பிழைச் செய்தியை, மேலே சொன்ன மூன்று அம்சங்களோடு திருத்தி எழுதுங்கள்.

3. உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எத்தனை ஆவணத்தில் எத்தனை விதமாக இருக்கிறது என்று இன்றே எடுத்து வைத்து எண்ணிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், திருத்தத்துக்கு விண்ணப்பிக்க இதுவே நல்ல நேரம்.